மனத்தைக் கவனிக்கக் கற்போம்

(ஐயம்பேட்டையில் நடைபெற்ற கழக வெள்ளி விழாவில், மாணவர் பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்பது கணக்குப் பார்க்கும் நாள். எத்தனை பேர் பள்ளியிறுதி தேறினர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் பணியில் அமர்ந்தனர் என்பவற்றையெல்லாம் கழகச் செயலாளரின் அறிக்கை சொல்லும். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ எந்த அறிக்கையிலும் இடம்பெறாத ஒன்று. மாலை வகுப்பில் விளக்கின்கீழ் ஒரு சிறுமி புத்தகத்தை விரித்து அமர்ந்திருக்கிறாள். கண் வரியின்மேல் இருக்கிறது; விரல் பக்கத்தைப் புரட்டுகிறது. அவள் மனம் எங்கே இருக்கிறது? அதனை ஆசிரியர் அறியார், தாய் அறியாள், பல வேளைகளில் அவளே அறியாள். அதனை அவள் அறியத் தொடங்கும் நாளே அவள் கல்வி தொடங்கும் நாள். இன்று நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நம் பிள்ளைகளைப் பார்த்து நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் சொல் ஒன்று உண்டு. "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்பதே அது. சொன்னவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்டவர்களில் பலர் அதனை நம்பிவிட்டார்கள். ஒரு பக்கம் படிப்பதற்குள் மனம் பத்து இடம் அலைந்துவிட்டால், "அவர்கள் சொன்னது மெய்தானோ?" என்று நம் பிள்ளை எண்ணுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மனமும் அவ்வாறே அலைகிறது என்பதை அதனிடம் யாரும் சொல்வதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், 2250 பேரைப் பகற்பொழுதில் இடையிடையே கைப்பேசி வழியாக விசாரித்து, 2010இல் ஆய்வு முடிவு ஒன்றை வெளியிட்டனர். கேட்ட வேளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 47 முறை, அவர்கள் மனம் கையிலிருந்த வேலையில் இல்லாமல் வேறெங்கோ இருந்தது. மனம் அலைவது சாதியின் குறையன்று, பிறப்பின் குறையன்று. அது மனத்தின் இயல்பு.

தறி நமக்குச் சொல்வது

இவ்வூரில் பேசுவோர் எடுத்துக்காட்டுக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. பட்டுச் சேலையின் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் நீண்டு கிடக்கின்றன. எத்துணைக் கைதேர்ந்த நெசவாளராயினும் அவர் தறியிலும் இழை அறுந்துபோகும். தேர்ந்தவர்க்கும் புதியவர்க்கும் உள்ள வேற்றுமை இழை அறுவதில் இல்லை. அறுந்ததை எத்தனை விரைவில் காண்கிறார் என்பதில் இருக்கிறது. புதியவர் ஒரு சாண் நெய்தபின் காண்பார். தேர்ந்தவர் இரண்டொரு ஊடை ஓடுமுன் கண்டுகொள்வார். கண்டதும் அவர் தம்மை நொந்துகொள்வதில்லை. தறியைவிட்டு எழுந்து போவதுமில்லை. நாடாவை நிறுத்துகிறார், அறுந்த முனையைத் தேடுகிறார், அது வந்த வழியிலேயே கோத்து முடிகிறார், மீண்டும் மிதிக்கிறார். படிப்பும் இத்தகைய நெசவே. மனம் விலகுவது இழை அறுவது. விலகியதைக் காண்பது முதல் வேலை. விட்ட வரிக்குத் திரும்புவது இரண்டாம் வேலை. நாளுக்கு நூறு முறை விலகி நூறு முறை திரும்பியவன் தோற்றவன் அல்லன். நூறு முடிச்சு இட்டவன்.

தறியைப் பற்றிச் சொல்ல வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு வண்ணமும் கரை வேறொரு வண்ணமுமாக இருந்தால், அவ்விரண்டையும் கோத்து நெய்வதனைக் கோர்வை என்பர். அதற்கு நெசவாளர் ஒருவர் போதார். கரைப்பக்க நாடாவைத் தள்ளித்தர அருகில் ஒரு துணையாள் வேண்டும். அந்தத் துணையிடத்தில் நெடுங்காலம் சிறுவர் சிறுமியர் அமர்ந்திருந்தனர். பள்ளி மணி அடிக்கும் வேளையில் அவர்கள் செவியில் விழுந்தது தறியோசை. ஒவ்வோர் ஊடைக்கும் தவறாமல் நாடா தள்ளிய அந்தப் பிள்ளைகளுக்குக் கவனம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? கவனம் இருந்தது, அது பிறர் சேலைக்குப் போயிற்று. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டாய இலவசக் கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும்? பிள்ளையின் கவனம் பிள்ளைக்கே உரியது என்று நாடு எழுதிக்கொடுத்த பத்திரமாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

மணியடித்தபின் வகுப்புக்குள் சென்ற மாணவர்

நம் மக்களின் கவனத்தை அறுக்கும் கைகளுள் கொடியது எது என்பதற்கு, நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே சான்று உண்டு. கோழியாளத்தில் பிறந்தவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கியவர். 1930ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நம் உரிமைக்கு வாதாடியவர். அவர் கோயம்புத்தூரில் பயின்ற காலத்தைப் பற்றித் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 400 மாணவர் பயின்ற அப்பள்ளியில், பத்துப் பேரைத் தவிர ஏனையோர் பிராமணர். யாரோடேனும் நட்புக் கொண்டால் தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்றும், தெரிந்தால் இழிவாக நடத்துவர் என்றும் அவர் அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். ஏனைய பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாத கொடுமை அவர் மனத்தைக் கலக்கியது.

அந்த வெளியிடத்தில் அமர்ந்திருந்த சிறுவனை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கையில் புத்தகம், செவியோ மணியோசையை எதிர்நோக்கியிருக்கிறது. பாதி மனம் பாடத்தில். மறுபாதி, யாரேனும் வந்து 'நீ யார்?' என்று கேட்டுவிடுவார்களோ என்னும் அச்சத்தில். ஏனைய பிள்ளைகள் முழு மனத்தோடு படித்த பாடத்தை அவர் பாதி மனத்தோடு படித்துத் தேற வேண்டியிருந்தது. ஆயினும் அவர் அங்கே செய்த அரிய செயல் ஒன்று உண்டு. தம் மனம் கலங்குவதை அவர் கண்டார். கண்டபின், இந்நிலையைக் கடப்பது எவ்வாறு என்று அந்த வயதிலேயே சிந்தித்தார். 'ஏன் எனக்கு இப்படி?' என்னும் கேள்வி மனத்தை ஒரே இடத்தில் சுழலச் செய்யும். 'இதனைக் கடப்பது எப்படி?' என்னும் கேள்வி அதே மனத்தை நடக்கச் செய்யும். அவ்வேதனை பிற்காலத்தில் பத்திரிகையாயிற்று. மாநாட்டு மேடையில் குரலாயிற்று. கவனத்தைத் திருப்புதல் என்று நாம் சொல்வது இதனையே.

பட்டியல் படிக்கும் வேளை

அது நூறாண்டுகளுக்கு முந்திய கதையன்றோ என்று கேட்கலாம். நாம் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறோம். உதவித்தொகைக்கு உரியவர் பட்டியலோடு எழுத்தர் வகுப்புக்கு வருவார். பாடம் நிற்கும். பெயர்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்படும். பெயருக்குரியவர் எழுந்து நிற்க வேண்டும். நாமும் எழுந்து நின்றோம். பின்வரிசையிலிருந்து மெல்லிய சிரிப்பொலி ஒன்று வரும். அவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் எழுத்தர் போய்விடுவார், ஆசிரியர் பாடத்தைத் தொடர்வார். ஆனால் அடுத்த மணிநேரத்தில் அவர் நடத்திய இயற்கணிதத்தில் ஒரு வரியேனும் நம் மனத்தில் நின்றதில்லை. தேர்வில் அப்பகுதியில் மதிப்பெண் குறைந்தபோது, கணக்கு நமக்கு வராது என்றே நெடுநாள் நம்பியிருந்தோம். கணக்கு வராமல் போனது அந்தச் சிரிப்பினால் என்பது நமக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

இது நம் ஒருவரின் நொந்த மனத்தின் கற்பனையன்று என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் பொருளியல் அறிஞர் இருவர் உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். உயர்சாதி எனப்படுவோர் 321 பேர். தாழ்த்தப்பட்டோர் 321 பேர். தாளில் வரைந்த சிக்கல் வழிகளுக்கு விடை காண வேண்டும். கண்டால் பணம் உண்டு. யார் எந்தச் சாதி என்பது வெளியிடப்படாதபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் விடை கண்டனர். எல்லார் முன்னிலையிலும் சாதி அறிவிக்கப்பட்டபோது நம் பிள்ளைகள் பின்தங்கினர். மூளை அதே மூளை. தாளும் அதே தாள். இடையில் வந்தது ஒரு சொல். தமக்கு நேர்மையாகப் பயன் கிடைக்காது என்னும் ஐயம் முயற்சியைத் தளர்த்துகிறது என்பது அவ்வறிஞர்கள் கண்ட விளக்கம். இழிவை எதிர்பார்க்கும் மனம் இரண்டாகப் பிளந்துபோகிறது என்பது நம் அனுபவம்.

ஆகவே ஒன்றனை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். உன் கவனத்தை நீயே திருப்பக் கற்றுக்கொள் என்று பிள்ளைக்குச் சொல்வது, அநீதியை மறந்துவிடு என்று சொல்வதாகாது. அநீதியை எதிர்க்கவும் கவனம் வேண்டும். சிதறிய மனத்தால் மனு ஒன்றுகூடத் திருத்தமாக எழுத முடியாது. அவமதிப்புக்கு உரிய வேளையை அதற்குக் கொடுப்போம். இயற்கணிதத்தின் வேளையை அதற்குக் கொடுக்க மாட்டோம். சொன்ன சொல்லை, சொன்னவரை, நாளை, இடத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் கழகப் பெரியவர்களிடம் கொண்டு வாருங்கள். எழுதி வைத்த துன்பம் மறந்துபோகாது என்று மனம் தெளிந்தால்தான் அது பாடத்துக்குத் திரும்பச் சம்மதிக்கும்.

காஞ்சியில் தங்கிய ஆசிரியர்

மனத்தைத் திருப்பும் இக்கலை அயல்நாட்டிலிருந்து புதிதாக வந்ததன்று. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் 'விசுத்திமக்கம்' என்னும் பாலி நூலை இயற்றிய புத்தகோசர், காஞ்சிபுரத்தில் தாம் தங்கியிருந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் குறித்துள்ளார். அவர் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை விளக்குமிடத்தில் காட்டும் உவமைகள் அரண்மனையைச் சார்ந்தவை அல்ல. களத்தையும் தொழுவத்தையும் சார்ந்தவை. அடங்காத கன்றைத் தாயிடமிருந்து பிரித்துத் தறியில் கட்டினால், அது இப்பக்கமும் அப்பக்கமும் இழுத்துப் பார்க்கும், கயிறு விடாது, முடிவில் கட்டிய இடத்திலேயே படுத்துக்கொள்ளும். மனத்தையும் அவ்வாறே மூச்சு என்னும் தறியில் கட்டச் சொல்கிறார். கன்றை அடிக்கச் சொல்லவில்லை என்பதைக் கருதுக.

தொடக்கத்தில் மூச்சை எண்ண வேண்டும். ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்போகாமலும் எண்ண வேண்டும் என்பது அவர் முறை. தானியம் அளப்பவர் நிதானமாக எண்ணுவது போல் முதலில் எண்ணுக என்கிறார். நெற்களத்தில் மரக்கால் பிடித்தவர் 'லாபம்' என்று தொடங்கி இரண்டு, மூன்று என்று குரல் கொடுப்பதை நாம் கேட்டிருக்கிறோம். நம் முன்னோர் அக்களத்தின் ஓரத்தில் நின்றனர். விளைவித்தவர் அவர்கள், அளந்தவர் வேறொருவர். தம் உழைப்பை அளக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. இன்று மனம் என்னும் களத்திலேனும் மரக்காலை நம் பிள்ளைகள் தம் கையில் எடுத்துக்கொள்ளட்டும். அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்சும் 1890இல் வெளியிட்ட தம் பெருநூலில், அலையும் கவனத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுக்கொணரும் ஆற்றலே நல்லறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் மனவுறுதிக்கும் வேர் என்று கருதினார். அதனை வளர்க்கும் கல்வியே தலைசிறந்த கல்வி என்பதும் அவர் கருத்து.

மாணவர் செய்ய வேண்டுவன

மாணவச் செல்வங்களே, நாளை மாலையே இதனைச் செய்து பாருங்கள். புத்தகத்தின் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். மனம் விலகியதை எப்போது காண்கிறீர்களோ அப்போது ஒரு புள்ளி இடுங்கள். இழுத்தது எது என்பதை ஒரே சொல்லால் குறியுங்கள்: பசி, தூக்கம், அச்சம், சண்டை, கைப்பேசி. பின், கடைசியாக விளங்கிய வரி எதுவோ அதற்குத் திரும்புங்கள். பக்கத்தின் தலைக்குப் போக வேண்டாம்.

நம் மாலை வகுப்பில் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் இதனைச் செய்தார். முதல் நாள் தாள் நிறையப் புள்ளிகள். அதனைக் காட்டவே அவர் வெட்கப்பட்டார். "தம்பி, இத்தனை முறை விலகினாய் என்று இதற்குப் பொருளில்லை, இத்தனை முறை கண்டுகொண்டாய் என்று பொருள். இதுவரை ஒரு முறையேனும் கண்டாயா?" என்று கேட்டோம். சில வாரங்கள் சென்றபின் அவர் கொண்டுவந்த தாளில், புள்ளிகளைவிடச் சொற்கள் நமக்குச் செய்தி சொல்லின. பெரும்பாலான புள்ளிகளின் பக்கத்தில் 'பசி' என்று இருந்தது. அவர் பிற்பகலில் ஒன்றும் உண்ணாமல் வருகிறார் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. அன்றுமுதல் மாலை வகுப்பில் சுண்டல் வழங்கத் தொடங்கினோம். தன் மனத்தைத் தான் கவனிப்பதால் எல்லாம் தீர்ந்துவிடாது. ஆனால் எதனைத் தீர்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கைப்பேசியைப் பற்றி ஒரு சொல். அதனைப் பகையென்று நாம் சொல்லவில்லை. பாடமும் அதில் வருகிறது, உதவித்தொகை விண்ணப்பமும் அதில் போகிறது. ஆனால் அதில் ஓடும் குறும்படங்களை வழங்கும் நிறுவனங்களுக்கு வருவாய், நாம் எத்தனை நேரம் பார்க்கிறோம் என்பதிலிருந்தே விளம்பர வழியாக வருகிறது. ஒன்று முடியுமுன் அடுத்தது வருமாறு அவற்றை அமைத்திருப்பது அதனால்தான். முன்பு கோர்வைத் தறியில் அமர்ந்த பிள்ளையின் கவனம் பிறர் சேலைக்குப் போயிற்று என்றோம். இன்று அது பிறர் பெட்டிக்குப் போகிறது. அன்று கூலியேனும் கிடைத்தது. இன்று நாமே கட்டணம் கட்டுகிறோம்.

பெற்றோர் கடமை

முழுப் பொறுப்பையும் பிள்ளையின் தலையில் ஏற்றுவது அறமன்று. அண்ணல் அம்பேத்கர் பம்பாய்ப் பரேல் பகுதியில் ஒற்றை அறைக் குடியிருப்பில் படித்தார். குடும்பமும் அதே அறை; அடுப்பும் அதே அறை. அவர் தந்தை இராம்ஜி என்ன செய்தார்? மகனை முன்னிரவிலேயே உறங்கவைத்தார், தாம் விழித்திருந்தார், இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்ட பின்னரே தாம் படுத்தார். வீட்டில் இடத்தைப் பெருக்க அவரால் இயலவில்லை; ஆகவே வேளையைப் பெருக்கினார். ஊர் உறங்கிய பின் அந்த அறையில் மகனுக்குக் கிடைத்த அமைதி தந்தை கொடுத்த சீதனம். 1907இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறினார் என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்தத் தேர்ச்சியில் தூங்காத தந்தைக்கும் பங்கு உண்டு.

தாய்மார்களே, படிக்கும் பிள்ளையைத் தண்ணீர் பிடிக்கவும் கடைக்குப் போகவும் நடுவில் அழைக்காதீர்கள். அதிலும் மகனை விட்டுவிட்டு மகளை மட்டும் அழைக்காதீர்கள். மகளின் பாவில் இழையை அறுக்கும் கை பல வீடுகளில் நம் கையாகவே இருக்கிறது.

கழகத்தார்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, நாள்தோறும் மாலை ஒரு மணிநேரம் நம் குடியிருப்பில் ஒலிபெருக்கியும் தொலைக்காட்சியும் ஓய்ந்திருக்க ஊரார் இசைவைப் பெறுங்கள். இரண்டாவது, சுற்றுவட்டாரத்துப் பள்ளிகள் அனைத்துக்கும் இவ்வாண்டே நேரில் சென்று, உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டாம், உரியவரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு மணிநேர இயற்கணிதம் மீளும்.

மாணவச் செல்வங்களே, உங்களைப் பார்த்து 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று இனி எவரேனும் சொன்னால், அச்சொல் உங்கள் மனத்தை எத்தனை தொலைவு இழுத்துச் செல்கிறது என்பதைப் பாருங்கள். தாளில் ஒரு புள்ளி இடுங்கள். பிறகு விட்ட வரிக்குத் திரும்பி வாருங்கள். அந்த வரி உங்களுக்காகக் காத்திருக்கிறது.